செல்லார் சுவரில் நான்கு வரி

ஹப்சிகுடாவில் எங்கள் அடுக்ககத்தின் செல்லாரில் பச்சை நம்பர் பிளேட் கார்கள் பெருகிவிட்டன. (கீழ்த்தள வண்டி நிறுத்தத்துக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.) மின்கார் எங்காவது மோதி நசுங்கினால் என்ன செய்வது என்று நான்கு வரி எழுதிச் சுவரில் ஒட்டினேன். வாட்ச்மேன் உரை கேட்டார். அவருக்குத் தெலுங்கில் சொன்னது இது.

‘சக்கரத்துக்குக் கட்டை கொடு.’ லாரிக்காரர் வழக்கம். இதை முதலில் வைத்தது ஏனெனில், மின்காருக்கு உறுமல் கிடையாது. அணைந்து நிற்கிறதா, ஆக்சிலேட்டரில் கால் பட்டதும் பாயக் காத்திருக்கிறதா என்று காதால் அறிய முடியாது.

‘அணைத்துச் சாவியைத் தூர வை.’ பொத்தான் ஸ்டார்ட் வண்டிக்குச் சாவி சட்டைப்பையில் இருந்தாலே போதும், விழித்துக்கொள்ளும். தூரம் என்றது ஐந்து மீட்டருக்கு அப்பால்.

‘பன்னிரண்டைக் கழற்று.’ நான்கில் உயிரான வரி. சின்ன 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றினால் பெரியது எப்படி அடங்கும் எனின், பெரிய பேட்டரியின் வாசலில் ரிலேக்கள் உண்டு. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது அந்த 12 வோல்ட்தான். அது போனால் பிடி விட்டு, தொடர்பு அறும். ஆனால் வண்டியை அணைக்காமல் கழற்றிப் பயனில்லை. பெரிய பேட்டரியே டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட்டை ஊட்டிக்கொண்டிருக்கும். ஆகவே சாவி முன், பன்னிரண்டு பின். வரிசை மாற்றிப் பாடம் கொள்ளலாகாது. கழற்றிய பிறகும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். சில கம்பெனிகள் 10 நிமிடம் பொறுக்கச் சொல்கின்றன. பேட்டரிக்குள் இருப்பதோ எவ்வளவு பொறுத்தாலும் அடங்காது.

‘ஆரஞ்சைத் தொடாதே, வெட்டாதே.’ ஆரஞ்சு என்றது உறையின் நிறம். 60 வோல்ட் டிசிக்கு மேற்பட்ட கேபிளின் அடையாளம். கார்களில் 300, 400 வோல்ட் சாதாரணம். 12 வோல்ட்டின் மைனஸ் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். இந்த உயர் மின்னழுத்தத்தின் இரண்டு முனையும் உடம்பில் சேராது. அதனால்தான் நல்ல வண்டியைத் தொட்டால் ஷாக் இல்லை. நசுங்கிய வண்டியில் உறை எங்கே கிழிந்தது என்று யார் கண்டார்? 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டு, பயிற்சி பெற்றவர் தொடட்டும். வீட்டில் பாத்திரம் தேய்க்கும் கையுறை கணக்கில் வராது.

ஸ்கூட்டருக்கு என்ன வரி என்று கேட்டார். பெரும்பாலான ஸ்கூட்டர்கள் 60 வோல்ட்டுக்குள்தான். அங்கே பயம் ஷாக் அல்ல, தீயும் புகையும். 2022 செப்டம்பர் 12 இரவு, பக்கத்துச் செகந்திராபாத்தில் ஒரு ஹோட்டலின் கீழே இருந்த மின் ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பிடித்துப் புகை மேலே ஏறியது. இறந்தவர் 8 பேர்.

ஆகவே செல்லாரில் புகை கண்டால் நான்கு வரியையும் மறந்துவிடுங்கள். தெருவுக்கு ஓடி வந்து 101-ஐ அழையுங்கள். எரிவது மின்வண்டி என்று முதலிலேயே சொல்லுங்கள்.