இரண்டரை ஷில்லிங்

லண்டனில் ஜி.சி.எஸ்.இ. தேர்வு எழுதும் மாணவர்களுக்கு 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தைத் தொடங்கும்போது, பலகையில் இரண்டு தொகைகளை எழுதிவிடுவேன்: 22 ஷில்லிங் 6 பென்ஸ், 25 ஷில்லிங். முதலாவது, ஆலை முதலாளி பர்லிங் பெண் தொழிலாளிகளுக்குக் கொடுத்த வாரக் கூலி. அடுத்தது, அவர்கள் கேட்டது. அந்த இரண்டரை ஷில்லிங்கைக் கொடுக்க மனமில்லாமல், வேலைநிறுத்தத்தில் முன்நின்ற ஈவா ஸ்மித்தை 1910-இல் அவர் வெளியே அனுப்புகிறார். நாம் சரக்கை அதிக விலைக்கு விற்கலாம், அவர்கள் அதிகக் கூலி கேட்கக்கூடாதா என்று மகன் எரிக் கேட்கிறான். அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை, அதட்டல்தான் இருக்கிறது.

கதை நடப்பது 1912-இல். நாடகம் 1945-இல் மாஸ்கோவில்தான் முதலில் மேடையேறியது. லண்டனுக்கு 1946-இல் வந்தது. போரே வராது என்று விருந்து மேசையில் அடித்துச் சொல்கிறார் பர்லிங். அரங்கில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு போர்களைப் பார்த்தவர்கள்.

எழுதிய ஜே. பி. பிரீஸ்ட்லி 1894-இல் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, கம்பளி வணிக அலுவலகத்தில் குமாஸ்தாவானார். பர்லிங்குகளை அங்கேதான் அறிந்திருப்பார் என்பது என் எண்ணம். 1914-இல் படையில் சேர்ந்தார்; 1916-இல் குண்டு வெடித்து மண்ணுக்குள் புதைந்து மீண்டார். எரிக் வயதுப் பையன்களைப் போருக்கு அனுப்பிய பெரியவர்கள் மீது அவருக்கிருந்த கோபம் கடைசிவரை ஆறவில்லை.

ஈவா இறந்ததாகச் சொல்லி விசாரிக்க வந்தவர் உண்மையான இன்ஸ்பெக்டர் அல்ல என்று முடிவில் தெரியவரும். "மிஸ், இன்ஸ்பெக்டரே போலி என்றால் எல்லாம் பொய்தானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பர்லிங் தம்பதியின் கேள்வியும் அதுதான். ஆனால் கூலியை மறுத்தது பொய்யா? உதவி கேட்டு வந்த கர்ப்பிணியை, தரும சங்கத் தலைமையில் இருந்துகொண்டு அம்மா விரட்டியது பொய்யா? பெரியவர்கள் நிம்மதியாகச் சிரிக்க, மகள் ஷீலாவும் எரிக்கும் விடாமல் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

1934-இல் வந்த 'இங்கிலீஷ் ஜர்னி' நூலில், பழைய படைத் தோழர்கள் கூடிய விருந்து ஒன்றைப் பிரீஸ்ட்லி எழுதியிருக்கிறார். இலவச அனுமதிச்சீட்டு தருவதாகச் சொல்லியும் சிலர் வரவில்லை. உடுத்திவர நல்ல உடை இல்லையாம். நாட்டுக்காகப் போரிட்டவர்கள் அவர்கள். அந்தப் பகுதியைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் மூன்றாம் அங்கத்துக்குப் போவேன். அதன்பிறகு, ஷீலா எதையும் பெரிதுபடுத்துகிறாள் என்று சொல்லும் பிள்ளைகள் குறைவு.