விபத்தில் உதவுவோரும் சட்டப் பாதுகாப்பும் (புதுச்சேரி)

விபத்தில் அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் உதவ வருபவர் பெரும்பாலும் வழிப்போக்கர், கடைக்காரர் அல்லது ஆட்டோ ஓட்டுநராக இருப்பார். அவருடைய கடமை என்ன, அவருக்கு உள்ள பாதுகாப்பு என்ன என்ற கேள்விக்கு பிரெஞ்சுச் சட்டமும் இந்தியச் சட்டமும் வெவ்வேறு விடை அளித்துள்ளன. இவ்விரு சட்ட மரபுகளையும் கண்ட ஊர் புதுச்சேரி.

பிரெஞ்சுச் சட்டத்தில்

1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில், ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்ற பொதுவான கடமை இல்லை. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், 1941 அக்டோபர் 25 அன்று, விஷி அரசு அதைச் சட்டமாக்கியது. விடுதலைக்குப் பின் 1945 ஜூன் 25 அன்று அது திருத்தி அமைக்கப்பட்டு 63ஆம் பிரிவாக நிலைபெற்றது. இன்று அது பிரான்சின் தண்டனைச் சட்டத்தில் 223-6ஆம் பிரிவாக உள்ளது. உதவாமல் செல்பவருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 75,000 யூரோ வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உதவுவதால் தமக்கோ பிறருக்கோ ஆபத்து நேராது என்ற நிலையில்தான் இக்கடமை எழுகிறது.

இந்தியச் சட்டத்தின் வருகை

புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. 1963 அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு நடைமுறைக்கு வந்தது. சாலையில் கிடப்பவரைப் பார்த்துவிட்டுச் செல்லும் வழிப்போக்கரை அச்சட்டம் தண்டிக்கவில்லை. ஒப்புதல் தர இயலாத நிலையில் உள்ளவருக்கு அவர் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்று 92ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவாக உள்ளது.

இப்பாதுகாப்பு ஏட்டில் இருந்தாலும் மக்கள் அஞ்சினர். காவல் நிலையத்தில் காத்திருக்க வேண்டும், நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும், மருத்துவமனையில் பணம் கட்டச் சொல்வார்கள் என்ற எண்ணமே உதவ நீண்ட கைகளைத் தடுத்தது.

கட்டாரா வழக்கு

மருத்துவமனைகளும் தயங்கின. காரில் அடிபட்ட ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்க மறுத்து, 20 கி.மீ. தொலைவில் சட்டத் தொடர்புள்ள சிகிச்சைக்கு அனுமதி பெற்றிருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பியது. வழியிலேயே அவர் இறந்தார். இச்செய்தியை நாளிதழில் படித்த பரமானந்த் கட்டாரா உச்ச நீதிமன்றத்தை அணுகினார். உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை. காவல்துறை நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று 1989 ஆகஸ்ட் 28 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்களுக்கும் இது பொருந்தும்.

உதவுவோருக்கான பாதுகாப்பு

சாலை விபத்தில் உறவினரை இழந்த பியூஷ் திவாரி தொடங்கிய சேவ்லைஃப் அறக்கட்டளை 2012இல் வழக்குத் தொடுத்தது. அதன் விளைவாக மத்திய அரசு 2015 மே மாதம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை எல்லா மாநிலங்களையும் ஒன்றியப் பகுதிகளையும் கட்டுப்படுத்துவதாக ஆக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவர்மீது, அடிபட்டவருக்கு நேரும் காயம் அல்லது மரணத்துக்காக வழக்குத் தொடர முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லுமாறு காவலர் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சியாக இருப்பது அவருடைய விருப்பம். தமிழில் 'நற்கருணை வீரர்' என அழைக்கப்படும் இவர்களுக்கு 2021இல் ரூ.5,000 பரிசு அறிவிக்கப்பட்டு, 2025இல் ரூ.25,000 ஆக உயர்த்தப்பட்டது.

விபத்தை ஏற்படுத்திய வாகன ஓட்டுநரின் நிலை வேறு. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது 134ஆம் பிரிவின்படி அவருடைய கட்டாயக் கடமையாகும்.

எல்லையும் சிகிச்சையும்

புதுச்சேரியின் நிலப்பரப்பு தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாக அமைந்துள்ளது. ஒரே சாலையில் சில கிலோமீட்டருக்குள் காவல் எல்லை மாறிவிடும். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு இரு பகுதி மக்களும் வருகின்றனர். எந்த எல்லையில் நடந்த விபத்தானாலும் சிகிச்சையை மறுக்க இயலாது. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என 2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு வழிசெய்கிறது.

விபத்து இடத்தில் கவனிக்க வேண்டியவை

உதவ ஓடுபவரே அடுத்த வாகனத்தில் அடிபடுவது உண்டு. எனவே முதலில் தம் பாதுகாப்பை உறுதி செய்வது அவசியம்.

1. வாகனத்தை ஓரமாக நிறுத்தி, எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, பின்னால் வருவோரை எச்சரித்தல்.
2. எரிபொருள் கசிவு, அறுந்த மின்கம்பி ஆகியவற்றைக் கவனித்தல். கம்பி கிடந்தால் நெருங்காதிருத்தல்.
3. 112 அல்லது 108 எண்ணை அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லுதல்.
4. இரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தல். இயன்றால் கையுறை அணிதல்.
5. தீ போன்ற ஆபத்து இல்லாதவரை அடிபட்டவரை இழுக்காமலும் தூக்காமலும் இருத்தல். மயங்கியவருக்குத் தண்ணீர் புகட்டாதிருத்தல்.
6. கடலில் தத்தளிப்பவரைக் காக்க, பயிற்சியின்றிக் குதிக்காமல் கயிறோ மிதக்கும் பொருளோ வீசுதல்.

பிரான்சில் உதவாதவரைச் சட்டம் தண்டிக்கிறது; இந்தியாவில் உதவுபவரைச் சட்டம் காக்கிறது. ஆயினும் 134ஏ பிரிவு சாலை விபத்துகளுக்கு மட்டுமே உரியது. கடற்கரையிலோ வீட்டிலோ நேரும் விபத்தில் உதவுபவருக்கு இன்றும் நல்லெண்ணம் பற்றிய பழைய பொது விதியே துணையாக உள்ளது.