ஏரிக்கு மேல் ஏரி: ஒரு வினவற்சொல் பிந்தி வந்த கதை

பெங்களூரின் ஏரிகள் தனித்தனி நீர்நிலைகள் அல்ல. மடிவாளா நிரம்பினால் அகரம், அகரம் நிரம்பினால் பெல்லந்தூர். பெல்லந்தூரின் உபரிநீர் வர்த்தூருக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும் போய், ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் சேர்கிறது. கன்னடத்தில் ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய்கள் இவற்றைக் கோத்து வைத்துள்ளன. இத்தொடரைத் தரவுத்தளத்தில் பதிவது எளிது: ஒவ்வோர் ஏரிக்கும் எதிரே, அதன் நீர் அடுத்துச் சேரும் இடத்தைக் குறிக்கும் ஒரு நெடுவரிசை போதும். கேள்விதான் கடினம். கெலவரப்பள்ளியில் நுரை பொங்கும்போது, அதற்கு மேலே எந்தெந்த ஏரிகளைச் சோதிப்பது? ஒரு படி மேலே செல்ல ஓர் இணைப்பு, இரண்டு படிக்கு இரண்டு. எத்தனை படி என்பதே தெரியாவிட்டால்?

இக்கேள்வி நம் இணையச் செயலிகளைவிட மூத்தது. எட்கர் காட் 1970இல் உறவுசார் தரவு மாதிரியை முன்வைத்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து ஆல்ஃபிரட் ஏஹோவும் ஜெஃப்ரி உல்மனும், காட் வகுத்த இயற்கணிதத்தால் இத்தகைய முடிவறியாத் தொடரைச் சொல்லவே இயலாது என்று நிறுவினர். குறை நிரலரின் திறமையில் இல்லை, மொழியிலேயே இருந்தது. தன்னைத் தானே அழைக்கும் வினவல் வேண்டியிருந்தது.

1980களில் தர்க்கவழித் தரவுத்தளங்களை ஆராய்ந்தவர்கள் அதைத் தேடினர். இதில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னை ஐஐடியில் பயின்ற ரகு ராமகிருஷ்ணனும், அவரிடம் ஆய்வு மேற்கொண்ட, அதே கழகத்தில் பயின்ற எஸ். சுதர்சனும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கோரல் என்ற அமைப்பை உருவாக்கிய குழுவில் இருந்தனர். அக்காலத்து ஆய்வுகளின் மையத்தில் ‘மேஜிக் செட்’ என்ற உத்தி இருந்தது. கேள்விக்கு எட்டும் தரவை மட்டும் கணக்கிடு, மற்றதைத் தொடாதே என்பதே அதன் சாரம். கெலவரப்பள்ளியைப் பற்றிக் கேட்டால், அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும் விருஷபாவதிப் பள்ளத்தாக்கின் பக்கமே போகவேண்டாம்.

எஸ்.க்யூ.எல். தரத்தில் 1999இல் ‘வித் ரிக்கர்ஸிவ்’ இடம்பெற்றது. ‘வித்’ என்று தொடங்கி, ஓர் இடைநிலை விடைக்குப் பெயரிட்டு, அப்பெயரைப் பின்னர் அட்டவணைபோல் ஆள்வதே காமன் டேபிள் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக சி.டி.இ. அப்பெயரை அதன் இலக்கணத்துக்குள்ளேயே ஆளலாம் என்பதில்தான் ஏரிகளுக்கான விடை இருக்கிறது. ஆனால் தரம் எழுதப்படுவது வேறு, கைக்கு வருவது வேறு. போஸ்ட்கிரெஸ் 2009இல் 8.4 பதிப்பில் இதை ஏற்றது, எஸ்க்யூலைட் 2014இல். இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கிய மைஎஸ்க்யூஎல், 2018இல் 8.0 பதிப்பில்தான் ஏற்றது. பத்தொன்பது ஆண்டுகள்!

ரெயில்ஸும் ஜாங்கோவும் லாரவேலும் வளர்ந்தது இந்த இடைவெளியில். பெங்களூரில் இணையச் செயலி எழுதுவது ஒரு பெருந்தொழிலானதும் அப்போதுதான். முதல் பைகான் இந்தியா மாநாடு 2009இல் இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் கூடியது. எல்லாத் தரவுத்தளத்துக்கும் ஒரே வினவல் கட்டமைப்பி என்பது இந்த ஃபிரேம்வொர்க்குகளின் வாக்குறுதி. அந்த வாக்குறுதிக்குத் தந்த விலையைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். எல்லோருக்கும் பொதுவானதை மட்டுமே பேசுவதென்றால், மிகப் பின்தங்கிய தரவுத்தளமே மொழியின் எல்லையாகிவிடும். பைத்தானின் எஸ்க்யூஎல்ஆல்கெமி மட்டும் 2012இலேயே சி.டி.இ.க்கு இடமளித்தது, அது தரவுத்தள வேறுபாடுகளை மறைக்க முயலாத நூலகம்.

மற்றவர்கள் குறுக்குவழி கண்டனர். மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் இடஎண், வலஎண் என இரண்டு எண்கள் தரும் ‘நெஸ்டட் செட்’ முறை அவற்றுள் புகழ்பெற்றது. ஓர் ஏரியின் இரு எண்களுக்கு நடுவே விழுபவை எல்லாம் அதன் மேலேரிகள். படிக்க மின்னல் வேகம். புதிதாக ஒன்றைச் செருகினாலோ பாதி அட்டவணைக்கு எண் மாற்றவேண்டும். அதைவிட ஆழமான சிக்கல், ஒவ்வொன்றுக்கும் ஒரே போக்கிடம் என்று அது கொள்வது. பெல்லந்தூர்ப் பள்ளத்தாக்கின் கழிவுநீர், சுத்திகரிக்கப்பட்டு 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றப்படுகிறது. மைஎஸ்க்யூஎல் ‘வித்’ கற்ற அதே ஆண்டு! நீர் இரு திசையில் பிரிந்ததும் மரம் வலையாகிவிடுகிறது, இடஎண் வலஎண் கணக்கு உடைகிறது.

ரெயில்ஸ் 2023இல் 7.1 பதிப்பில் ‘வித்’தைத் தன் வினவல் கட்டமைப்பியிலேயே சேர்த்தது, மறுஆண்டு 7.2இல் தன்னை அழைக்கும் வடிவமும் வந்தது. லாரவேலிலும் ஜாங்கோவிலும் பிறர் எழுதிய துணைத்தொகுப்புகளே பல ஆண்டுகள் அவ்வேலையைச் செய்தன.

பெயரிட்ட விடை எப்போதும் மலிவு என்று எண்ணவேண்டாம். போஸ்ட்கிரெஸ் 2019 வரை ஒவ்வொரு சி.டி.இ.யையும் தனியே கணக்கிட்டு முடித்த பிறகே மேலே சென்றது. 12ஆம் பதிப்புதான், ஒருமுறை மட்டும் ஆளப்படும் எளிய சி.டி.இ.க்களை முதன்மை வினவலோடு கலக்கத் தொடங்கியது. தன்னை அழைப்பவற்றுக்கு இச்சலுகை இல்லை.

இன்று ஏரிகளை ஓர் அட்டவணையிலும் கால்வாய்களை மற்றோர் அட்டவணையிலும் வைத்தால், கோலாருக்குப் போகும் குழாய் இன்னொரு வரிசை, அவ்வளவே. வினவலை மாற்றவேண்டியதில்லை. ‘யூனியன் ஆல்’ என்பதற்குப் பதில் வெறும் ‘யூனியன்’ என்று எழுதி ஏரியின் அடையாள எண்ணை மட்டும் தேர்ந்தால், யாரேனும் வர்த்தூரின் நீரைத் தவறுதலாக மடிவாளாவுக்கே திருப்பிப் பதிந்திருந்தாலும் வினவல் சுற்றிக்கொண்டே இராமல் நின்றுவிடும்.