ரப்பருக்கு மூட்டிய கணப்பு

நெடுநல்வாடையைப் பயின்றோர் ‘தடவு’ என்னும் சொல்லை அறிவர். கூதிர்க்காலத்து வாடைக்கு ஆற்றாத மக்கள் குளிர்ந்த நீரை விலக்கி, அகன்ற வாயையுடைய நெருப்புச் சட்டியின் வெம்மையை நாடினர் என்பது அங்கே பெறப்படும் செய்தி. ஒருநாள் வகுப்பில் இதனைக் கதைபோலச் சொன்னபோது ஒரு மாணவன், “வீட்டை எதற்கு ஐயா சூடாக்க வேண்டும்?” என்று வினவினான். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் விசிறியின்றி உறங்கவியலாத பிள்ளைகள் வேறெவ்வாறு வினவுவர்?

பிரேசர் மலையில் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களில் கணப்படுப்பு உண்டு. கீழே சமவெளியில் மனிதர் வாழும் வீட்டிற்கு அது வேண்டியதில்லை. ஆயினும், இரவு பகலாக விறகெரித்துச் சூடேற்றிய வீடொன்று நம் தோட்டங்களில் இருந்தது. அதுவே புகைவீடு.

1890-களில் காப்பி விலை வீழ்ந்தபின் சிலாங்கூர்த் தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. வெட்டிய பாலை வடிகட்டி, நீர் கலந்து, அமிலம் இட்டு உறையவைத்து, உருளைகளில் அழுத்தி எடுத்த ஈரத்தகடுகளைத் தோட்டத்தார் ஷீட் என்பர். அவற்றைக் கழிகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நான்கைந்து நாள் உலர்த்துவர். விறகு பெரும்பாலும் முதிர்ந்து வெட்டப்பட்ட பால்மரமே. தன் பாலைத் தானே உலர்த்திய மரம் என்று இதனைச் சொல்லலாம். முதல் நாள் சூடு மிதமாக இருக்கவேண்டும். பின்னர் 60 பாகை செல்சியஸ் வரை உயர்த்துவர். அதற்கும் மிகுந்தால் தகட்டில் கொப்புளம் எழும்; குறைந்தால் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். தகட்டிற்குத் தேன் நிறம் தந்ததும் பூஞ்சணத்தைத் தடுத்ததும் அப்புகையே.

அடுப்பைக் காத்தவருக்குத் தூக்கம் ஏது? என் சிற்றப்பா அவ்வேலை பார்த்தவர். நள்ளிரவில் எழுந்து லயத்திலிருந்து நடந்து சென்று, கதவைத் திறந்து, முகத்தில் அறையும் வெக்கையை வைத்தே சூட்டைக் கணித்துவிடுவார். வெப்பமானியைப் பின்னரே பார்ப்பார். கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். அவர் சட்டையின் புகைநாற்றம் எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்று சிற்றன்னை அலுத்துக்கொள்வார். தோட்ட வரலாறு எழுதுவோர் பால்வெட்டுக்காரரையும் கங்காணியையும் மறப்பதில்லை. அடுப்புக்காரருக்கு அங்கே ஒரு வரியும் கிடைப்பது அரிது. தீயை அணையவிடாமலும் மிகவிடாமலும் காத்த அவரது கைத்திறனைப் பொறுத்தே ஷீட்டின் தரமும் விலையும் இருந்தன என்பதால் இக்குறை பெரிதென்பேன்.

1965-இல் தரப்படுத்திய ரப்பர் முறை வந்தது. சிறு துணுக்குகளாக்கிய ரப்பரை இயந்திரச் சூட்டில் சில மணி நேரத்திலேயே உலர்த்திக் கட்டிகளாக்கினர். பின்னர்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. புகைவீடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

இப்போது ‘தடவு’ என்னும் சொல் வரும்போதெல்லாம் கரும்பலகையில் முதலில் புகைவீட்டையே வரைகிறேன். சங்ககாலத்துச் சட்டியை அதன் பக்கத்தில் வரைகிறேன். அன்று வினவிய மாணவன் மறுவாரம் தன் பாட்டியிடம் கேட்டு வந்து, நான் வரைந்த அடுப்பின் வாய் மிகச் சிறிது என்று திருத்தினான்.