வெட்டிய கரண்ட் எங்கே போச்சு?

"மின்தேவையில் 100 மெகாவாட் குறைத்துவிட்டோம்" என்று ஒரு திட்ட அறிக்கை சொன்னால், 100 மெகாவாட் மின்நிலையம் ஒன்று கட்டியதற்குச் சமமாக அதை எண்ணலாமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் கதையைப் படித்தால், கொஞ்சம் பொறுங்க என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அன்றிலிருந்து அது நூற்பாலை ஊர். 2008 நவம்பரில் உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. மாலை உச்ச நேரத்தில் அந்த வெட்டு 90 சதவீதம் வரை போனது. இந்தக் கட்டுப்பாடுகள் முழுதாக நீங்கியது 2015 ஜூனில்தான்.

வாரியத்தின் ஏட்டில் இது தேவைக் குறைப்பு. ஆனால் நூலுக்கு ஆர்டர் எடுத்தவர் சும்மா இருப்பாரா? வசதி உள்ள ஆலைகள் டீசல் ஜெனரேட்டர் ஓட்டின, சொந்தக் காற்றாலை வைத்தன, தனியாரிடம் வாங்கின. தேவை குறையவே இல்லை, வேறு ஏட்டுக்கு மாறியது, அவ்வளவுதான். டீசல் மின்சாரத்துக்கு விலை அதிகம். வெட்டு நீங்கியதும் அந்தச் சுமை வாரியத்திடமே திரும்பும். அதை நிரந்தரக் குறைப்பு என்று எழுதியிருந்தால், திட்டம் போட்டவர் ஏமாந்திருப்பார்.

அடுத்தது விலை வழி. உயரழுத்த நுகர்வோருக்கு உச்ச நேரத்தில் 20 சதவீதம் கூடுதல் கட்டணம், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி என்று பல ஆண்டுகள் இருந்தது. மூன்று ஷிப்டும் ஓடும் நூற்பாலை எந்த வேலையை இரவுக்குத் தள்ளும்? இரவிலும் அதே கதிர்தானே சுற்றுது! பில் தொகை கூடும், சுமை அப்படியே இருக்கும்.

மூன்றாவது, கிணற்று மோட்டார். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் கிடையாது. மும்முனை மின்சாரத்தை முறை வைத்துக் கொடுத்தால் உச்ச நேரச் சுமை இறங்கும் என்பது கணக்கு. தமிழ்நாடு முழுக்க விவசாயிகள் கன்டென்சர் மாட்டி, இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். காயும் பயிர் மணி பார்க்குமா? மீட்டர் இல்லாத இடத்தில் எவ்வளவு குறைந்தது என்பதே ஊகம்தான்.

ஆகவே எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். எதோடு ஒப்பிட்டுக் குறைவு என்கிறீர்கள்? குறைந்த சுமை எங்கே போனது? அடுத்த வருஷம் அதே மாலை நேரத்தில் மறுபடியும் குறையுமா? மூன்றுக்கும் மீட்டர் வைத்துப் பதில் சொல்ல முடிந்தால் மட்டுமே அதை மின்நிலையத்தோடு சேர்த்து எண்ணலாம்.

கணக்கு தப்பினால் விளைவு யார் தலையில் விழும்? 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. பெரிய ஆலைக்கு ஜெனரேட்டர் இருந்தது. ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் சிறு விசைத்தறிக்காரர் அந்தச் செலவைத் தாங்குவாரா? தறி நின்றால் கூலியும் நின்றது.