வளம் பெருகியும் வாய்க்காத கற்றல்: தமிழகப் பொது நூலகர்களின் தொடர்கல்வி

ஆய்வுச் சுருக்கம்

நூலகர்களுக்கான இணையவழிப் பாடங்கள், கையேடுகள், கருத்தரங்குகள் ஆகியவை கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியுள்ளன; அவற்றுள் பெரும்பாலானவை இலவசம். எனினும் தமிழகத்தின் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் பணியாற்றுவோரின் அன்றாடப் பணியில் இவ்வளங்களின் பயன் போதிய அளவு சேரவில்லை. பணிநேரத்தில் கற்பதற்கு இடமின்மை, தமிழ் நூல்களைக் கையாளும்போது எழும் சிக்கல்களைப் பாடங்கள் தொடாமை, கற்றதற்குப் பணிவாழ்வில் மதிப்பின்மை ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்கள் என இக்கட்டுரை வாதிடுகிறது. இம்மூன்றில் முதலில் தீர்க்கப்பட வேண்டியது பணிநேரம் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: பொது நூலகம், தொடர்கல்வி, இணையவழிக் கற்றல், தமிழ்ப் பட்டியலாக்கம், ஒருங்குறி

1. முன்னுரை

நூலகம் ஒரு வளரும் உயிரி என்பது சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் கடைசி விதி. நூல்களின் எண்ணிக்கை, வாசகர்களின் எண்ணிக்கை, கட்டடத்தின் பரப்பு ஆகியவற்றின் வளர்ச்சியை வைத்தே இவ்விதியைப் பெரும்பாலும் விளக்குகிறோம். பணியாளரும் வளர வேண்டும் என்பதும் இவ்விதிக்குள் அடக்கம். அட்டைப் பட்டியலில் பயிற்சி பெற்று வேலைக்கு வந்த ஒருவர் இன்று கணினிப் பட்டியல், மின்னூல், எண்ணிமமாக்கம், போட்டித்தேர்வு எழுதுவோரின் தேவை, காப்புரிமை எனப் பலவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவராக இருக்கிறார். பட்டம் பெற்ற நாளோடு அவருடைய கல்வி முடிந்துவிட்டதாகக் கருதினால் ஐந்தாம் விதிக்குப் பொருளில்லை.

தமிழகத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. மாவட்ட மைய நூலகங்களும் சென்னை, மதுரையில் உள்ள நூற்றாண்டு நூலகங்களும் செய்திகளில் இடம்பெறுகின்றன. ஆனால் பெரும்பாலான வாசகர்கள் நாள்தோறும் படியேறுவது கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும்தான். அங்கே பல இடங்களில் பணியாளர் ஒருவரே. கதவைத் திறப்பதும், நாளிதழ்களை அடுக்குவதும், நூல் வழங்குவதும், வரவுப் பதிவேடு எழுதுவதும் அவர்தாம். இக்கட்டுரை அவரை மையமாகக் கொண்டது.

2. தடையின்றிக் கிடைப்பவை

முதலில் வளங்களைப் பார்ப்போம். ‘ஸ்வயம்’ தளம் 2017 முதல் இயங்குகிறது. அதில் எந்தப் பாடத்திலும் இலவசமாகச் சேரலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம். ‘இ-பிஜி பாடசாலா’வில் நூலக அறிவியலின் முதுநிலைப் பாடங்கள் எழுத்துவடிவம், காணொளி, தன்மதிப்பீட்டு வினாக்கள், மேலும் படிக்க எனும் நான்கு பகுதிகளோடு கிடைக்கின்றன. 1989 முதல் இளநிலை நூலக அறிவியல் படிப்பை நடத்திவரும் இந்திராகாந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்களை ‘இ-ஞானகோஷ்’ வழியாக யாரும் இறக்கிக்கொள்ளலாம். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களுக்காக நெடுங்காலமாகப் பயிற்சிகள் நடத்திவருகிறது.

நாட்டுக்கு வெளியே, அமெரிக்காவின் ஓசிஎல்சி நிறுவனம் 2003இல் தொடங்கிய ‘வெப்ஜங்ஷன்’ பொது நூலகர்களுக்கென்றே இலவசப் பாடங்களையும் இணைய உரைகளையும் வைத்திருக்கிறது. நியூசிலாந்தின் ஒரு வட்டார நூலகத்துக்காக 1999இல் எழுதத் தொடங்கப்பட்ட கோஹா மென்பொருள் இன்று உலகெங்கும் புழங்குகிறது. அதன் கையேடும் பயனர் உதவிக்குழுக்களும் அனைவருக்கும் பொது. எண்ணிம நூலகம் அமைக்க விரும்புவோருக்கு 2002இல் வெளிவந்த டிஸ்பேஸும் அதன் ஆவணங்களும் உள்ளன.

ஆகவே பொருள் கிடைக்கவில்லை என்ற குறை இன்று எழ வாய்ப்பில்லை. கையில் திறன்பேசியும் இணைய இணைப்பும் உள்ள ஓர் ஊர்ப்புற நூலகர், தம் பட்டப்படிப்பில் படித்ததைவிடப் பன்மடங்கு பாடப்பொருளை ஒரே மாலையில் தொட முடியும். இருந்தும் அவர் ஏன் தொடுவதில்லை என்பதே ஆராயத்தக்க வினா. ஆர்வமின்மை என்று பதில் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அது பொறுப்பை முழுவதும் தனிமனிதர் தலையில் சுமத்தும் பதில்.

3. கோடைப் பள்ளி காட்டிய வழி

இவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி சென்னையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம், மறு ஆண்டிலேயே நூலகப் பயிற்சிக்கென ஒரு கோடைப் பள்ளியைத் தொடங்கியது. 1931இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதன் பொறுப்பை ஏற்றது. 1937இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ‘கோடை’ என்பது. பள்ளி, கல்லூரி சார்ந்தவர்கள் கற்க வேண்டுமானால் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் காலம் எது என்பதைப் பார்த்தே பயிற்சி வகுக்கப்பட்டது. பாடத்திட்டத்தோடு கூடவே காலமும் திட்டமிடப்பட்டது. இன்றைய இணையவழிக் கல்வி இதைத் தலைகீழாக்கியிருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கற்கலாம் என்பது அதன் பெருமையாகச் சொல்லப்படுகிறது. நடைமுறையில் அது, வேலை முடிந்து வீடு திரும்பி, குடும்பத்தின் தேவைகளும் முடிந்தபின் கற்க வேண்டும் என்பதாகிவிடுகிறது. பெண் நூலகர்களுக்கு அந்த நேரமும் வாய்ப்பது அரிது.

4. இருவகை நூலகர்கள்

கல்லூரி நூலகரின் நிலையோடு ஒப்பிட்டால் சிக்கலின் வடிவம் தெளிவாகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி கல்லூரி நூலகர் அடுத்த ஊதிய நிலைக்கு உயர, அறிமுகப் பயிற்சி, கணினிமயமாக்கம் பற்றிய பயிலரங்கு போன்றவற்றில் பங்கேற்றிருக்க வேண்டும். அப்பயிற்சிக்குச் செல்லும் நாள்கள் பணிநாள்களாகக் கணக்கிடப்படுகின்றன. கற்பது அவருடைய கடமையின் ஒரு கூறு. அதற்கு நேரமும் உண்டு, பயனும் உண்டு.

பொது நூலகருக்கு இதற்கு இணையான ஏற்பாடு வேரூன்றவில்லை. பொது நூலக இயக்ககமும் மாவட்ட நூலக ஆணைக்குழுக்களும் அவ்வப்போது பயிற்சி நடத்துகின்றன என்பது உண்மை. ஆனால் ஒருவர் தாமாக ஓர் இணையப் பாடத்தை முடித்து, அதைத் தம் நூலகத்தில் செயல்படுத்திக் காட்டினாலும், அவருடைய பணிப்பதிவேட்டில் அதற்கென ஒரு வரி விழுவதற்கு வழி தெளிவாக இல்லை. ஒரே பட்டம் பெற்ற இருவரில் ஒருவருக்குக் கற்றல் கடமை. மற்றவருக்கு அது சொந்த விருப்பம். இதன் விளைவைத் தனிமனித ஆர்வத்தின் ஏற்றத்தாழ்வாகப் படிப்பது பிழை.

பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்ளா 2016இல் வெளியிட்ட தொடர்கல்வி வழிகாட்டுதல்கள் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. கற்கும் பொறுப்பு பணியாளருக்கும் நிறுவனத்துக்கும் பொது என்று கூறும் அவ்வழிகாட்டுதல்கள், பணிநேரத்தில் ஏறத்தாழ 10 விழுக்காட்டைக் கற்றலுக்கு ஒதுக்கப் பரிந்துரைக்கின்றன. வாரத்துக்கு 40 மணிநேரம் பணி என்று கொண்டால் இது 4 மணிநேரம்.

5. பாடங்கள் தொடாத இடம்: தமிழ்ப் பட்டியலாக்கம்

நேரம் கிடைத்துப் படிக்க உட்கார்ந்தாலும் அடுத்த தடை எழுகிறது. மேற்சொன்ன பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. மொழியை மட்டும் வைத்து இதைப் பேசினால் சிக்கலின் ஆழம் புலப்படாது. தமிழ் நூலைக் கையில் எடுத்த நூலகருக்கு எழும் கேள்விகளே அப்பாடங்களில் இல்லை.

ஒரு வாசகர் நூலகக் கணினியில் ‘ஔவையார்’ என்று தேடுகிறார். ஒரு நூலும் வரவில்லை. அலமாரியிலோ நூல் இருக்கிறது. காரணம், பதிவு செய்தவர் ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்துகளைத் தட்டச்சு செய்து ‘ஒளவையார்’ என்று உள்ளிட்டிருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே; கணினிக்கு வெவ்வேறு. சிறுகதை ஆசிரியர் மௌனிக்கும் இதே கதி. ‘மெளனி’ என்று உள்ளிடப்பட்ட பதிவை, முறையாகத் தட்டச்சு செய்யும் வாசகரால் கண்டெடுக்க முடியாது.

அகரவரிசையும் அப்படியே. ஒருங்குறி அட்டவணையில் ‘ந’வை அடுத்து ‘ன’வும், ‘ர’வை அடுத்து ‘ற’வும், ‘வ’வுக்கு முன்பே ‘ள’, ‘ழ’ இரண்டும் அமைந்துள்ளன. நாம் பள்ளியில் கற்ற வரிசையில் ‘ற’வும் ‘ன’வும் கடைசியில் வரும். தமிழுக்குரிய வரிசை விதியை மென்பொருளில் அமைக்காமல் குறியெண் வரிசையிலேயே அச்சிடப்படும் பட்டியல் தமிழ் வாசகருக்குக் குழப்பமாகவே இருக்கும். கோஹாவில் ஸீப்ரா தேடுபொறியைப் பயன்படுத்துவோர், இலத்தீன் அல்லாத எழுத்துகளுக்கு ஐசியு என்ற சுட்டியாக்க முறையைத் தேர்ந்திருக்க வேண்டும். கையேட்டில் இதற்குக் குறிப்பு உண்டு. ஆனால் அந்தக் குறிப்பு தமக்குத்தான் என்பதை ஓர் ஊர்ப்புற நூலகர் எப்படி அறிவார்?

பெயர்ப் பதிவு இன்னொரு சிக்கல். ஐரோப்பிய மரபில் குடும்பப்பெயரை முன்னுக்கு வைக்கும் முறையைப் பாடங்கள் கற்பிக்கின்றன. தமிழ்ப் பெயரில் முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும். உ. வே. சாமிநாதையர் பெயரில் ‘உ’ உத்தமதானபுரம். ‘வே’ தந்தை வேங்கடசுப்பையர். ‘பெருமாள்முருகன்’ என்று தமிழில் ஒரே சொல்லாக எழுதப்படும் பெயர் ஆங்கில மொழிபெயர்ப்புகளின் அட்டையில் இரண்டு சொற்களாக நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் பெயர்க்கட்டுப்பாடு இல்லாத பட்டியலில் ஓர் ஆசிரியர் இரண்டு இடங்களில் சிதறிக் கிடப்பார். மு. வரதராசன், மு. வரதராசனார், மு.வ. என மூன்று வடிவங்களில் உள்ள நூல்களை ஒரே ஆசிரியர் பெயரின்கீழ்க் கொண்டுவருவதும் அதே கட்டுப்பாட்டின் வேலை.

அயல்நாட்டு நூலகங்களின் பதிவுகளை இறக்கிப் பயன்படுத்தலாம் என்று பாடங்கள் சொல்கின்றன. அப்படி இறக்கும் பல பதிவுகளில் தமிழ்த் தலைப்பு உரோமன் எழுத்தில் மட்டுமே இருக்கும். தமிழில் தேடும் வாசகருக்கு அது உதவாது. தமிழ் எழுத்து வடிவத்தை அப்பதிவில் சேர்க்க எந்தப் புலம், எந்த முறை என்பதைத் தமிழ் நூல்களை வைத்துக் காட்டும் பாடமே தேவை.

இச்சிக்கல்களுக்கான அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. 1994 முதல் சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம், தமிழ் விக்கிமூலத்தின் தன்னார்வலர்கள் ஆகியோர் இவற்றோடு நாள்தோறும் மல்லுக்கட்டித் தீர்வுகள் கண்டவர்கள். அவர்களுடைய பட்டறிவு, கிளை நூலகர் படித்துப் பின்பற்றத்தக்க பாடமாகத் தொகுக்கப்படவில்லை. இணையவழிக் கற்றலில் இன்றுள்ள மிகப் பெரிய இடைவெளி இதுவே.

6. சான்றிதழும் செயலறிவும்

2020இல் பெருந்தொற்றுக்காலப் பொதுமுடக்கம் தொடங்கியதும் இணையக் கருத்தரங்குகள் நாள்தோறும் நடந்தன. உரையைக் கேட்டு, இறுதியில் ஒரு படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ் வந்து சேரும். தொலைவில் இருந்தோருக்கும் அறிஞர்களின் உரை எட்டியது என்ற அளவில் அது பெரும் நன்மை. ஆனால் சான்றிதழே குறிக்கோளானபோது, கற்றதைச் செய்து பார்க்கும் கட்டம் விடுபட்டது.

நூலகப் பணி கையால் செய்து பழகும் பணி. இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 2016 முதல் விக்கிப்பீடியா சார்ந்து நடைபெறும் ஓர் இயக்கம், ஒவ்வொரு நூலகரும் ஒரு கட்டுரைக்கு ஒரு சான்றையாவது சேர்க்கும்படி கேட்கிறது. பணி சிறியது, அதைச் செய்வதற்குள் மேற்கோள் முறை, மூலத்தின் நம்பகத்தன்மை, திறந்த உரிமம் ஆகிய மூன்றையும் நூலகர் கற்றுவிடுகிறார். வருகைப்பதிவுக்கு மாறாகச் செய்து முடித்த வேலையை அளவுகோலாகக் கொள்வது பொது நூலகத் துறைக்கும் பொருந்தும். தம் நூலகப் பட்டியலில் ஐம்பது பதிவுகளைத் திருத்தி, திருத்தியதன் காரணத்தையும் எழுதித் தந்த ஒருவருக்கு வழங்கப்படும் சான்று, பத்து இணைய உரைகளுக்கான சான்றிதழ்களைவிடக் கனமானது.

7. எதிர்வாதங்கள்

ஒருவரே பணியாற்றும் நூலகத்தில் அவர் படிக்க உட்கார்ந்தால் வாசகரை யார் கவனிப்பது என்பது முதல் எதிர்வாதம். நியாயமான கேள்வி. வாசகர் வரவு குறைந்த நேரத்தை ஒவ்வொரு நூலகமும் அறியும்; அந்நேரத்தை முறைப்படி கற்றல் நேரமாக அறிவிக்கலாம். அருகருகே உள்ள நூலகங்களுக்கு மாற்றுப் பணியாளரை மாதம் ஒரு முறை மாவட்ட மைய நூலகத்திலிருந்து அனுப்பலாம்.

நிதி எங்கே என்பது இரண்டாவது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலகங்களுக்கென நிலையான வரியை வகுத்தது. இன்று சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகிறது. வாசகரிடமிருந்து பெறும் இவ்வரியில் ஒரு சிறு பங்கு, அவ்வாசகருக்குப் பணியாற்றுவோரின் கல்விக்குச் செல்வது சட்டத்தின் நோக்கத்துக்கு உகந்ததே. பாடப்பொருள் பெரும்பாலும் இலவசமாக இருப்பதால் செலவும் பெரிதாகாது.

ஆங்கிலம் அறியாமல் நூலகத் தொழிலில் முன்னேற முடியாது என்பது மூன்றாவது. தரநிலைகளும் மென்பொருள் கையேடுகளும் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றைப் படிக்கும் திறன் தேவைதான். ஆனால் ஔவையாரைத் தேடி நூல் கிடைக்காமல் திரும்பும் வாசகரின் சிக்கலுக்கு, தமிழில், தமிழ்ப் பதிவைத் திரையில் காட்டி நடத்தும் பாடமே தீர்வாகும்.

8. முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று பரிந்துரைகள் எழுகின்றன. முதலாவது, பொது நூலகர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் 4 மணிநேரத்தைக் கற்றலுக்கான பணிநேரமாக அரசாணை வழியாக ஒதுக்க வேண்டும். இரண்டாவது, தமிழ்ப் பட்டியலாக்கம், தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கல், தமிழ்வழி வாசகர் சேவை ஆகியன பற்றிய திறந்த பாடங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் பல்கலைக்கழக நூலக அறிவியல் துறைகளும் சென்னை நூலகச் சங்கமும் கூடி உருவாக்க வேண்டும். மூன்றாவது, கற்றதைத் தம் நூலகத்தில் செய்து காட்டியவருக்குப் பணிப்பதிவேட்டில் மதிப்பு வழங்க வேண்டும்.

மூன்றும் ஒரே நாளில் நிறைவேறா. வரிசைப்படுத்தச் சொன்னால் நேரமே முதலிடம் பெறும். பாடம் இருந்தும் நேரம் இல்லையெனில் அது திறக்கப்படாமலே கிடக்கும். நேரம் கிடைத்துவிட்டால் நூலகர்கள் தமக்கு வேண்டிய பாடத்தைத் தாமே கூடி எழுதிக்கொள்ளவும் கூடும். இந்திய விடுதலைக்குப் பின் முதன்முதலில் நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. நூலகரின் கல்வியையும் அவருடைய கடமைப் பட்டியலில் எழுதிச் சேர்க்கும் முதல் மாநிலமாகவும் தமிழகம் விளங்க வேண்டும். அதற்கான ஆணையை வெளியிடப் பொது நூலக இயக்ககம் இனியும் காலம் தாழ்த்தலாகாது.