திருடர் வெடித்த பட்டாசும் சர்க்காரின் அச்சமும்

1924 ஜூன் 26, இரவு பதினொன்றரை மணி. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் திருடர் புகுந்தார்கள். ஜன்னலை உடைத்தார்கள். வாசலில் நின்றுகொண்டு, வெளியே வந்தவர்களைத் தடியால் அடித்தார்கள். பகவான் ரமணருக்கும் இடது தொடையில் அடி. தங்களிடம் துப்பாக்கி இருப்பதாக நம்பவைக்கப் பட்டாசும் வெடித்தார்கள். அத்தனைக்கும் கிடைத்தது சுமார் பத்து ரூபாய் பெறுமான பொருள்.

செங்கம் சாலையில் இந்தக் கதை தெரியாதவர் இல்லை. எனக்கு அதில் முதலில் கண்ணில் படுவது அந்தப் பட்டாசுதான். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமக் கோப்புகளோடு காலம் தள்ளிய குமாஸ்தா நான். புத்தி அப்படித்தான் போகும். திருடனுக்குக்கூடத் துப்பாக்கி கிடைக்காத ஊராக இதை ஆக்கி வைத்திருந்தது 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்.

வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்துச் சட்டம் அது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. துப்பாக்கி எந்த ரகம் என்பதைவிட, பிடித்திருக்கும் கை யாருடையது என்பதுதான் பெரிய கேள்வி. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடே இதைக் குறை சொன்னது. முதல் உலகப் போருக்குப் பிறகுதான் விதிகளில் இருந்த இனப் பாகுபாடு நீங்கியது. அதன் பிறகும் உரிமம் எளிதில் கிடைக்கவில்லை. 1930இல் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் தர வேண்டும் என்பதும் ஒன்று.

சுதந்திர இந்தியா 1959இல் புதுச் சட்டம் இயற்றி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இப்போது ஆளைப் பார்த்துப் பிரிக்காமல் குழலைப் பார்த்துப் பிரித்தார்கள். அலுவலகத்தில் நாங்கள் 'பி.பி.', 'என்.பி.பி.' என்போம். தடைசெய்த போர், தடைசெய்யாத போர். 'போர்' (bore) என்றால் குழலின் உள்விட்டம். தடையில் இருப்பது, விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் தானியங்கி ரகம் மட்டுமல்ல. .303 ரைஃபிள், 9 எம்.எம். பிஸ்டல், .380, .455 ரிவால்வர்களும் அதே பக்கம். காரணம், இவையெல்லாம் ராணுவமும் போலீசும் சுடும் தோட்டாவின் அளவுகள். சர்க்கார் கிடங்கிலிருந்து தோட்டா களவு போனாலும் வெளியே அதைப் போட்டுச் சுடத் துப்பாக்கி இருக்கக் கூடாது. அதனால்தான் நம் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென்று .315 ரைஃபிளும் .32 ரிவால்வரும் செய்தன.

விவசாயிக்குச் சட்டம் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. பயிர்க்காவலுக்கு, வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி போதும் என்றால், சட்டத்தில் வேறு தடை இல்லாதபோது உரிமம் தரவேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. பதிவேட்டில் அதன் பெயர் எஸ்.பி.எம்.எல். ஜவ்வாது மலை அடிவாரத்தில் காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டுகிறவன் கேட்பது அதைத்தான். தற்காப்புக்கு வாங்கும் வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் அதே சலுகை உண்டு. ஆனால் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதை அறுத்துக் குட்டையாக்கினால், வேட்டிக்குள் மறைக்கலாம். அதனால் விதிகளின் வகைப் பட்டியலில் அது கட்டுப்பாடு மிகுந்த முதல் வகைக்குத் தாவிவிடும். 2016இல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் இந்த வகைப்பாட்டின் அடிப்படை மாறவில்லை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை மட்டும் 2019 திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

இத்தனை வருஷம் அந்தப் பட்டியலைப் புரட்டியதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஓர் அரசு எதற்கு அஞ்சுகிறது என்பதை அதன் துப்பாக்கி வகைப்பாடு சொல்லிவிடும். வெள்ளைக்காரன் நம்மைக் கண்டு அஞ்சினான். நம் அரசு தன் தோட்டாவே தன்னிடம் திரும்பி வருமோ என்று அஞ்சியது. இரண்டாவது அச்சம் நியாயமானது.

பரணில் தாத்தாவின் பழைய துப்பாக்கி கிடக்கிறதா? துருப்பிடித்தது, இரும்புக் கழிவுதானே என்று இருந்துவிடாதீர்கள். பழுது பார்த்தாலும் சுடவே முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் 45ஆம் பிரிவு விலக்குத் தரும். மற்றபடி உரிமம் இல்லாத துப்பாக்கியைப் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.